தையல் மெஷின்ல உக்கார மெமரி ஃபோம் குஷன் சரியா வருமா?

கேள்வி (கடலூர், மஞ்சக்குப்பம்):
எங்க அம்மா டெய்லர், போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து வால் எலும்புல அடி, முறிவு இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு ஆனா மர ஸ்டூல்ல பத்து நிமிஷம் உக்கார முடியல, எந்திரிக்கும்போது மெஷின் பலகைய புடிச்சிக்கிட்டு அப்படியே நின்னுடறாங்க, பாக்கவே மனசு கேக்கல. இலவம்பஞ்சு தலகாணி மடிச்சு போட்டோம், மத்தியானத்துக்குள்ள தட்டையாயிடுது. மெமரி ஃபோம் வாங்கலாமா? நம்மூரு வேர்வைக்கு தாங்குமா?

பதில் 1 (பாண்டி, மெத்தை கடைல வேலை):
வாங்குங்க தம்பி, ஆனா தட்டையா இருக்கறது வேணாம். பின்பக்கம் யூ மாதிரி வெட்டு இருக்கணும், அந்த வெட்டு முதுகு பக்கம் வர்ற மாதிரி போட்டா வால் எலும்பு எதுலயும் படாம அந்தரத்துல நிக்கும், வெயிட்ட தொடை வாங்கிக்கும். மெமரி ஃபோமும் சாதா ஸ்பாஞ்ச் மாதிரி பாலியூரிதேன் ஃபோம் தான், 1966ல நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட்னு ஒருத்தர் விமான சீட்டுக்கு பண்ணது. சாதா ஸ்பாஞ்ச் அமுக்குனா உடனே எம்பிடும், இது உடம்பு சூட்டுல இளகி மெதுவா எடம் குடுக்கும். கடைல உள்ளங்கைய வெச்சு நல்லா அமுக்கி எடுங்க, கை அச்சு கொஞ்ச நேரம் நின்னு மெல்ல மறையணும். சட்டுனு எழும்புனா பேர ஒட்டி விக்கற ஸ்பாஞ்ச், வாங்காதீங்க.

பதில் 2 (நெல்லிக்குப்பம்):
நானும் டெய்லர் தான் தம்பி. குஷன் போட்டா ஒசரம் கூடிடும், பெடல்ல குதிகால் படியாது, முழங்கால் வலி வந்துடும். எனக்கு அப்படித்தான் ஆச்சு, அப்புறம் ஆசாரிகிட்ட குடுத்து ஸ்டூல் கால ஒரு இஞ்சு அறுத்தேன். சூடும் புடிக்கும், அதனால மேல பருத்தி உறை போட்டு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அம்மாவ எந்திரிச்சு நடக்க சொல்லுங்க.

பதில் 3 (முதலியார்பேட்டை):
உறைய மட்டும் தொவைங்க, ஃபோம தண்ணில போடவே போடாதீங்க. நான் ஒரு தலகாணிய ஊற வெச்சேன், நாலு நாளாகியும் உள்ள ஈரம் போகல, கப்புனு நாத்தம். சரின்னு மொட்டை மாடி வெயில்ல போட்டா மஞ்சளாகி விரல் பட்ட எடமெல்லாம் உதிருது. நிழல்ல, ஃபேன் காத்துல தான் காய வெக்கணும்.

கேள்வி கேட்டவர்:
யூ வெட்டு போட்டதே கெடச்சுது, அச்சு டெஸ்டும் பண்ணேன். நேத்து ஒரு ஜாக்கெட்ட முழுசா முடிச்சிட்டு தான் எந்திரிச்சாங்க! ஒரு மருந்து வாசனை மட்டும் வருதே?

பதில் 1:
புதுசுக்கு அப்படித்தான் இருக்கும். உறைய கழட்டி ஜன்னல் பக்கம் ரெண்டு மூணு நாள் வைங்க, போயிடும்.