புதுப்பிப்பு: அப்பாயியின் யானைக்கால், விடாத குளிர்காய்ச்சல்

கும்பகோணத்தில் இருக்கும் 78 வயது அப்பாயிக்கு யானைக்கால் வீக்கத்தோடு அடிக்கடி குளிர்காய்ச்சல் வருகிறது, புழு மாத்திரை மறுபடி கொடுக்கலாமா என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன்.

இரவில் எடுத்த ரத்தத்தில் புழு இல்லை. வீக்கம் 40 வருஷப் பழசு. நிணநீர்க் குழாய்களைக் கெடுத்த புழுக்கள் எப்போதோ செத்திருக்கும் என்றார் டாக்டர். காய்ச்சலுக்குக் காரணம் விரலிடுக்குச் சேற்றுப்புண் வழியே நுழையும் பாக்டீரியாவாம். அதற்கு டிஇசி என்கிற அந்தப் புழு மாத்திரை உதவாது.

இப்போது தினமும் இரண்டு வேளை சோப்புப் போட்டுக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு இடுக்காக ஒற்றியெடுத்துக் களிம்பு தடவுகிறேன். ராத்திரி காலுக்கடியில் தலையணை. ஐந்து வாரமாகக் காய்ச்சல் இல்லை. வீக்கம் அப்படியேதான், ஆனால் நாற்றம் போய்விட்டது. நேற்று அப்பாயியே காலை நீட்டி, “சுண்டுவிரலை விட்டுட்டியேடா” என்றாள்.