லாரி சம்மர்ஸ் விவகாரம்: ஒரு கருதுகோளைச் சொன்னதற்காகப் பதவி போகலாமா?

நெய்தல்:

லாரி சம்மர்ஸ் 2005ல் பேசிய அந்தப் பேச்சின் முழு எழுத்துவடிவத்தையும் படித்து முடித்தேன், அதிலிருந்து ஒரே கேள்விதான் மண்டைக்குள் ஓடுகிறது. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் அப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர், படித்தது பொருளாதாரம். ஜனவரி 14 அன்று மாசசூசெட்ஸில் உள்ள கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு பொருளாதார ஆய்வு மாநாட்டில், அறிவியல், பொறியியல் துறைகளின் உயர்பதவிகளில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று பேசினார். மூன்று காரணங்கள் சொன்னார். ஆளையே முழுசாகக் கேட்கும் வேலைகளை எத்தனை பெண்கள் விரும்பி ஏற்கிறார்கள் என்பது முதலாவது. திறனின் உச்சிமுனையில் ஆண்களின் எண்ணிக்கை இயல்பாகவே கூடுதலாக இருக்கலாம் என்பது இரண்டாவது. வளர்ப்பும் பாகுபாடும் மூன்றாவது. முக்கியத்துவமும் அதே வரிசையில்தான் என்றார். எம்ஐடியின் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) உயிரியல் பேராசிரியர் நான்சி ஹாப்கின்ஸ் பாதியிலேயே எழுந்து வெளியேறினார், சில நாட்களிலேயே பெரிய புயல். மார்ச் 15ல் ஹார்வர்டின் கலை, அறிவியல் ஆசிரியர்கள் 218க்கு 185 என்று அவர்மேல் நம்பிக்கையில்லை என வாக்களித்தார்கள், 2006 பிப்ரவரியில் பதவி விலகுவதாக அறிவித்தார்.

கொஞ்சம் சீண்டிப் பார்க்கும்படித்தான் பேசப்போகிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுப் பேசியிருக்கிறார். தான் சொல்வது தவறென்று யாராவது காட்டினால் மகிழ்ச்சிதான் என்றும் சொல்லியிருக்கிறார். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இதைச் சொல்ல முடியாது என்றால் வேறு எங்கே போய்ச் சொல்வது? அவருடைய இரண்டாவது காரணத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் கேட்டதும் எழுந்து போவது எப்படிப் பதிலாகும்?

கரிசல்காட்டான்:

நெய்தல், நீங்கள் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். பேசியவர் சாதாரணப் பேராசிரியர் இல்லை. ஹார்வர்டில் யாருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி என்பதில் கடைசிக் கையெழுத்து பல்கலைக்கழகத் தலைவருடையது. அவர் பேசியதற்கு முந்தைய கல்வியாண்டில் கலை, அறிவியல் பிரிவில் கொடுக்கப்பட்ட 32 நிரந்தரப் பதவி அழைப்புகளில் பெண்களுக்குப் போனவை 4. அவர் வந்த பிறகு அந்த எண்ணிக்கை சரிந்துகொண்டே வருகிறது என்று பெண் பேராசிரியர்கள் அதற்கு முன்பே அவரிடம் முறையிட்டிருந்தார்கள். அந்த நிலையில் அதே மனிதர் மேடையேறி, பாகுபாடு மூன்றாவது காரணம்தான் என்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் இளம் பெண் ஆய்வாளருக்கு அது கருதுகோளாகவா கேட்கும்? தன் கோப்பில் கையெழுத்துப் போடப்போகிறவரின் மனநிலை அதுதான் என்றுதான் புரியும்.

அப்புறம், பதவி போனது இந்த ஒரு பேச்சால் மட்டும் இல்லை. கறுப்பினத்தவர் ஆய்வுத்துறைப் பேராசிரியர் கார்னல் வெஸ்ட்டோடு சம்மர்ஸ் மோதி, வெஸ்ட் பிரின்ஸ்டனுக்குப் போனது, ரஷ்யாவுக்கான ஆலோசனைத் திட்டத்தில் முறைகேடு என்று அமெரிக்க அரசு போட்ட வழக்கில் சிக்கிய பொருளாதாரப் பேராசிரியர், சம்மர்ஸின் நண்பர் ஆந்த்ரே ஷ்லைஃபரைப் பற்றிய கேள்விகள், கலை, அறிவியல் புலத்தலைவர் வில்லியம் கிர்பி வெளியேறியது எல்லாம் சேர்ந்துதான் 2006ல் வெடித்தது. பதவி விலகிய பிறகும் அவர் ஹார்வர்டிலேயே பேராசிரியராகத் தொடர்ந்தார். பேராசிரியராக அவருக்கு இருந்த கல்விச் சுதந்திரத்தில் யாரும் கைவைக்கவில்லை.

வாடைக்காற்று:

கடைசி வரியோடு எனக்கு உடன்பாடில்லை, கரிசல். 2007ல், அதாவது அவர் தலைவராக இல்லாமல் வெறும் பேராசிரியராக இருந்தபோது, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு ஒரு விருந்தில் பேச அவரை அழைத்தது. டேவிஸ் வளாகப் பேராசிரியர்கள் எதிர்த்து மனுக் கொடுத்ததும் அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அப்போது அவர் கையில் யாருடைய கோப்பும் இல்லையே. அவ்வளவு பெரிய பெயர் உள்ளவருக்கே இந்த நிலை என்றால், நிரந்தர வேலை கிடைக்காத ஒரு இளம் ஆய்வாளர் இந்தத் தலைப்பையே தொட மாட்டார். அப்படித் தொடாமல் விடுவதில் யாருக்கு லாபம்? தரவு வரவில்லை என்றால் சம்மர்ஸ் சொன்னது தவறு என்பதும் நிரூபணமாகாமலேயே கிடக்கும்.

எப்படிச் செய்திருக்க வேண்டும் என்பதற்கு அதே ஹார்வர்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2005 ஏப்ரலில் உளவியல் பேராசிரியர்கள் ஸ்டீவன் பிங்கரும் எலிசபெத் ஸ்பெல்கியும் இதே தலைப்பில் மேடையில் நேருக்கு நேர் வாதிட்டார்கள். பிறவியிலேயே சில வேறுபாடுகள் இருப்பதற்குச் சான்றுகளை பிங்கர் அடுக்க, எண்ணையும் பொருள்களையும் புரிந்துகொள்வதில் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் வித்தியாசம் இல்லை என்று குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளை வைத்து ஸ்பெல்கி மறுத்தார். யாரும் வெளியேறவில்லை, படித்துப் பாருங்கள், அவ்வளவு நல்ல விவாதம்.

பூவரசு:

எழுந்து போனார், எழுந்து போனார் என்று எல்லோரும் நான்சி ஹாப்கின்ஸைப் பற்றிச் சொல்வது இந்த ஒன்றைத்தான், எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லி முடித்தவர். 1990களில் எம்ஐடியில் தன் ஆய்வுக்கான மீன் தொட்டிகள் வைக்கக் கூடுதல் இடம் கேட்டுக் கிடைக்காமல், அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு ஆய்வகமாக அளந்தார். தன்னைவிட இளைய ஆண் பேராசிரியர்களுக்குக்கூடத் தன்னைவிட அதிக இடம் இருந்ததைக் கண்டார். அங்கே அறிவியல் துறைகளில் நிரந்தரப் பதவியில் இருந்த பெண்கள் அப்போது 15 பேர் அளவுதான், ஆண்கள் 200ஐ ஒட்டி. அந்தப் பெண்கள் ஒன்றுசேர்ந்து சம்பளம், இடம், நிதி என்று தரவு திரட்டி 1999ல் அறிக்கை வெளியிட்டார்கள், எம்ஐடி தலைவர் சார்லஸ் வெஸ்ட் பாகுபாடு நிஜம் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். சார்லஸ் நதிக்கரையில் சில மைல் தள்ளி இருக்கும் பல்கலைக்கழகத்தின் தலைவருக்கு அந்த அறிக்கை போதுமான பதிலாகப் படவில்லை என்றால், அதை முதலில் சொந்தமாக அளந்தவர் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

வாடைக்காற்று சொல்லும் சுதந்திரம் எனக்கும் வேண்டும். ஆனால் அது யாருக்கு மறுக்கப்பட்டது என்று பாருங்கள். ஸ்வீடனில் கிறிஸ்டீன் வென்னெரோஸ், ஆக்னெஸ் வோல்ட் என்ற இருவர், மருத்துவ ஆய்வு மன்றம் ஆய்வு உதவித்தொகைக்கு மதிப்பெண் போடும் விதத்தை ஆராயக் கேட்டார்கள். மன்றம் தாள்களைத் தர மறுத்தது. நீதிமன்றம்வரை போய், அவை பொது ஆவணங்கள் என்று தீர்ப்பு வாங்கித்தான் அவற்றைப் பார்க்க முடிந்தது. 1997ல் நேச்சர் இதழில் வெளியான முடிவு: ஒரு ஆணுக்கு இணையான மதிப்பெண் வாங்க ஒரு பெண் ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆய்வுச் சாதனை காட்ட வேண்டியிருந்தது. அந்த வழக்கைக் கல்விச் சுதந்திரத்துக்கு உதாரணமாக யாராவது சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

தொகுநிலை:

நான் புள்ளியியல் பக்கத்திலிருந்து ஒன்று. சம்மர்ஸ் தன் பேச்சில், திறனின் உச்சிமுனையில் ஐந்து ஆண்களுக்கு ஒரு பெண் என்ற விகிதத்துக்கு எப்படி வந்தார் என்று பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் கணித, அறிவியல் தேர்வுகளின் முதல் 5 சதவீதத்தில் ஆண், பெண் எத்தனை என்று எடுத்து, அதிலிருந்து இருபாலரின் மதிப்பெண் பரவலில் 20 சதவீத வித்தியாசம் என்று கணக்கிட்டு, அதே வளைவை ஐயாயிரத்தில் ஒருவர், பத்தாயிரத்தில் ஒருவர் என்ற முனைவரை நீட்டினார். அவ்வளவு தூரத்தில் வளைவு அதே வடிவத்தில்தான் இருக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் அதில் இல்லை. இதோடு ஒப்பிட நிஜமான எண் ஒன்று இருக்கிறது. 13 வயதுக்குள் எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வு) கணிதத்தில் 800க்கு 700க்குமேல் வாங்கிய அமெரிக்கப் பிள்ளைகளில், 1980களின் தொடக்கத்தில் 13 பையன்களுக்கு ஒரு பெண் இருந்தாள். பின்னர் அது நாலுக்கு ஒன்று, அதற்கும் கீழ் என்று இறங்கியது. இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் மரபணு மாறாது. அதேசமயம் வித்தியாசம் பூஜ்யமாகவும் ஆகவில்லை, அதையும் மறைக்கக் கூடாது.

ஆளெடுப்பு பற்றிய சோதனைகளும் ஒரே பக்கம் சாயவில்லை. 2012ல் ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை ஜான், ஜெனிஃபர் என்று பெயர் மாற்றி 127 அறிவியல் பேராசிரியர்களிடம் கொடுத்தபோது ஜானுக்குத்தான் கூடுதல் மதிப்பும் சம்பளமும் கிடைத்தன. 2015ல் வில்லியம்ஸும் சீசியும் கற்பனை விண்ணப்பதாரர்களை வைத்து உதவிப் பேராசிரியர் பணிக்குச் செய்த சோதனையில் பெண்ணுக்கு ஆதரவாக இரண்டுக்கு ஒன்று வந்தது. வேலையும் வேறு, விண்ணப்பதாரரின் தகுதி நிலையும் வேறு, அதனால் ஒன்று மற்றதை ரத்து செய்வதில்லை.

நெய்தல்:

எல்லோருக்கும் நன்றி. தலைவருக்கும் பேராசிரியருக்கும் உள்ள வேறுபாட்டை ஏற்கிறேன், 2007ல் நடந்தது தவறு என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். அப்படியென்றால் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் 2018ல் அலெஸாண்ட்ரோ ஸ்ட்ரூமியாவுக்கு நடந்ததை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? இயற்பியலில் பெண்களுக்குப் பாகுபாடு இல்லை என்று மேற்கோள் தரவுகளை வைத்து அங்கே பேசியதற்குப் பிறகு அவரை இடைநீக்கம் செய்தார்கள். அவர் தலைவர் இல்லை, இயற்பியல் பேராசிரியர்தான்.

பூவரசு:

இடைநீக்கத்தை அவர் கருத்துக்காக மட்டும் செய்திருந்தால் நானும் எதிர்த்திருப்பேன். ஆனால் அவர் தன் படவில்லைகளில் ஒரு வேலைக்குத் தன்னோடு போட்டியிட்டுத் தேர்வான பெண்ணையும் தன்னையும் மேற்கோள் எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டார், அதுவும் இளம் பெண் ஆய்வாளர்கள் நிறைந்த அரங்கில். தனிப்பட்ட ஒருவரைக் குறிவைப்பதை செர்னின் நடத்தை விதி தடுக்கிறது, அதற்கு நடவடிக்கை சரி. அதே தரவு ஆய்வு பின்னர் முறையாக மதிப்பாய்வு செய்யப்பட்டு 2021ல் ஆய்விதழில் வந்தது, மறுப்புரைகளும் வந்தன. அது வந்ததில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, வர வேண்டிய இடம் அதுதான். மேற்கோள் எண்ணிக்கையை வைத்துத் திறமையை அளக்கலாமா என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள், நிறைய எழுத இருக்கிறது.