புதுப்பிப்பு: பழைய படகு, அலையில் நிற்கும் எஞ்சின்

துறைமுகத்துக்குள் ஒழுங்காக ஓடும் டீசல் எஞ்சின் அலைக்கு வந்ததும் திணறி நின்றுவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, காரணம் கிடைத்துவிட்டது. டாங்கின் அடியில் பல வருடமாகத் தங்கியிருந்த கசடும் தண்ணீரும் படகு ஆடும்போது கலங்கி டீசல் ஃபில்டரை அடைத்திருக்கின்றன. இன்ஜெக்டரை (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) மாற்றச் சொன்னவர்கள் மன்னிக்கவும், அதைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. டாங்கைக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, டீசல் லைனில் இருந்த காற்றை வெளியேற்றியதும் கரையோரமாகப் பகல் முழுக்க நிற்காமல் ஓடியது.

அப்புறம், ப்ரொப்பெல்லர் தண்டு படகை விட்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீர் கசிகிறது என்றும் சொல்லியிருந்தேன். தண்டைச் சுற்றிக் கயிறு போல அடைத்து இறுக்கும் பழைய பேக்கிங் வகை என்பதால் ஓடும்போது சில சொட்டு விழத்தான் வேண்டும், அந்தத் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது, ஒரேயடியாக இறுக்கினால் தண்டு சூடேறித் தேயும். ஆனால் எஞ்சினை நிறுத்திய பிறகும் சொட்டுகிறது, அதுதான் இன்னும் பாக்கி.