அரசு வாடகைக் குடியிருப்பில் துப்பாக்கி: ஒப்பந்தத்தில் தடை எழுதலாமா?

கேள்வி — நூலகத் தொண்டர்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஒரு நடுத்தர நகரத்தில் வசிக்கிறேன். சனிக்கிழமைகளில் ஊர் நூலகத்தில் அமர்ந்து, படிவம் நிரப்பத் தெரியாமல் வருபவர்களுக்கு உதவுவது என் வழக்கம். சென்ற மாதம் எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி ஒருவர், வீட்டுவசதி ஆணையத்தோடு தாம் செய்துகொண்ட வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். அதில் ஒரு வரியின் அடியில் பேனாவால் கோடிட்டிருந்தார். குடியிருப்பவரோ அவருடைய விருந்தினரோ வளாகத்துக்குள் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது, வைத்திருந்தால் ஒப்பந்தம் ரத்தாகும் என்பது அந்த வரியின் சாரம். இறந்துபோன கணவரின் ரிவால்வர் ஒன்று, துணியில் சுற்றியபடி அவருடைய அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறதாம். "வெளியே வாடகைக்குப் போக எனக்கு வசதியில்லை என்பதற்காக இதையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டார்.

எனக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. என் வீட்டில் ஒன்று நுழைவதை நான் ஒப்பமாட்டேன். ஆனாலும் அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் வீடு வாங்கிய கடனுக்கும் மத்திய அரசின் காப்பீடு உண்டு. எனக்குக் கிடைப்பதும் ஒருவகையில் அரசு உதவிதான். இருந்தும் என் அலமாரியில் என்ன இருக்கிறது என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. அரசு வீட்டு உரிமையாளராக இருக்கும்போது மட்டும் அது கேட்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பதில் 1 — சட்டம் பயின்றவன்

சுருக்கமான பதில்: வீட்டுக்குள் வைத்திருப்பதை முழுமையாகத் தடுக்கும் விதி நீதிமன்றத்தில் நிற்பது இன்று மிகக் கடினம். எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2008 ஜூன் 26 அன்று ஹெல்லர் வழக்கில், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும் அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தப்படி, வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமையே என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மறுநாளே தேசியத் துப்பாக்கிச் சங்கம் சான்பிரான்சிஸ்கோ வீட்டுவசதி ஆணையத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. 2009 ஜனவரியில் ஆணையம் சமரசத்துக்கு வந்து, சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கிகள் மீது தன் தடையைச் செயல்படுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டது. 2010இல் மக்டொனால்ட் வழக்கு அதே உரிமையை மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் எதிராகவும் நிலைநாட்டியது.

ஆணையங்கள் பிடித்துக்கொண்ட கொழுகொம்பும் ஹெல்லர் தீர்ப்பிலேயே இருந்தது. பள்ளிகளிலும் அரசுக் கட்டடங்களிலும் துப்பாக்கிகளைத் தடுக்கும் சட்டங்களைத் தாங்கள் ஐயுறவில்லை என்று நீதிபதிகள் எழுதியிருந்தார்கள். குடியிருப்பும் அரசுக் கட்டடந்தானே என்பது ஆணையங்களின் வாதம். கேட்பதற்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் நீதிமன்றத்துக்குப் போகிறவர் இரவில் வீடு திரும்பிவிடுகிறார். இங்கே இருப்பவருக்கு அதுதான் வீடு.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பேசியது டெலவேர் மாநில உச்ச நீதிமன்றத்தின் 2014 மார்ச் தீர்ப்பு. வில்மிங்டன் வீட்டுவசதி ஆணையம் தொடக்கத்தில் முழுத்தடை வைத்திருந்து, வழக்கு வந்த பிறகு, வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், பொது இடங்களில் மட்டும் கூடாது என்று மாற்றிக்கொண்டது. வீட்டுக்குக் கொண்டுவரும்போதும் வெளியே எடுத்துச் செல்லும்போதும் விலக்கு உண்டு. சலவை அறைக்குத் துணி மூட்டையோடு இறங்கும்போதோ கூடத்தில் அமர்ந்திருக்கும்போதோ உடன் வைத்திருக்க முடியாது. சலவை அறையும் கூடமும் அவர்கள் வாழும் இடத்தின் பகுதிகளே என்று கூறி நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தத் தீர்ப்பு இரண்டாம் திருத்தத்தின் மீது எழவில்லை, 1987இல் டெலவேர் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட, சொற்களில் இன்னும் விரிவான ஒரு பிரிவின் மீது எழுந்தது. ஆகவே உங்கள் மாநிலத்துக்கு அது வழிகாட்டலாமே தவிர, கட்டுப்படுத்தாது.

பிறகு 2019இல் கிழக்கு செயின்ட் லூயிஸ் நகர ஆணையத்தின் தடைக்கு மத்திய நீதிமன்றம் நிரந்தரத் தடையாணை பிறப்பித்தது. அங்கே வழக்குத் தொடர்ந்தவர், தாக்குதலுக்கு ஆளாகி உயிர்பிழைத்த ஒரு பெண். 2022இல், துப்பாக்கிக் கட்டுப்பாடுகள் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்று கூறிய உச்ச நீதிமன்றத்தின் ப்ரூவன் தீர்ப்புக்குப் பிறகு டென்னசி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது. மேய்ன் மாநிலத்திலோ 1995இலேயே இந்தத் தடை வீழ்ந்திருந்தது. அங்கே காரணம், துப்பாக்கி பற்றி விதி செய்யும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கு மட்டுமே உரியது என்பது.

பதில் 2 — வீடுதேடிச் செல்லும் செவிலி

சட்டம் படித்தவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் நான் பன்னிரண்டு ஆண்டுகளாக இத்தகைய கட்டடங்களின் மாடிகளில் ஏறி இறங்குகிறவள். என் கண்ணில் படுவது வேறு.

என் நோயாளி ஒருவருக்கு மறதி நோய் முற்றிக்கொண்டு வந்தது. இரத்த அழுத்த மாத்திரை எங்கே என்று கேட்டால் சமையலறை இழுப்பறையைக் காட்டுவார். ஒருநாள் திறந்தபோது, மாத்திரைப் புட்டிகளுக்கும் பழைய மின்கலங்களுக்கும் நடுவில் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி கிடந்தது. அடுத்த வாரம் அவர் என்னைப் பார்த்து, யார் நீ, எப்படி உள்ளே வந்தாய் என்று கேட்டார். அந்த நேரத்தில் நான் அவரைப் பார்க்கவில்லை, இழுப்பறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் குடியிருப்புகளில் முதியவர்களும் உடற்குறை உள்ளவர்களும் கணிசமாக வாழ்கிறார்கள். தனிமையும் வலியும் கூடவே குடியிருக்கின்றன. இந்த நாட்டில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள் என்பதை, தற்காப்பு பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அடுத்து, சுவர். புதுப்பித்துக் கட்டிய பல குடியிருப்புகளில் இரு வீடுகளுக்கு நடுவே இருப்பது ஜிப்சம் பலகைகளும் கொஞ்சம் காற்றும்தான். அடுத்த வீட்டுக் குழந்தை இருமுவது கேட்கும். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அந்தப் பலகை ஒரு பொருட்டே அல்ல. தனி வீட்டில் கை தவறுபவர் தம் வீட்டைத் துளைக்கிறார். இங்கே கை தவறினால் துளைபடுவது பிறருடைய தொட்டில். அதனால்தான், எல்லாரும் சேர்ந்து வாழும் கட்டடத்தில் எல்லாருக்கும் ஒரே தடை என்பது எனக்கு அநியாயமாகத் தோன்றவில்லை.

பதில் 3 — பழைய சிகாகோவாசி

அம்மா, நீங்கள் கண்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் தடை என்பது தாளில் எழுதப்படும் வரி மட்டும் அல்ல. அதை யாராவது வீடு வீடாகப் போய் நிறைவேற்ற வேண்டும். எப்படி நிறைவேற்றினார்கள் என்பதை சிகாகோ பார்த்திருக்கிறது.

தெற்குச் சிகாகோவில் 1962இல் கட்டி முடிக்கப்பட்ட ராபர்ட் டெய்லர் குடியிருப்பு, பதினாறு மாடிகள் கொண்ட 28 கட்டடங்களாக நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாக நின்றது. புதிதாகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வதற்கு நகரமே 1982இல் தடை போட்டிருந்தது. அப்படியிருந்தும் 1990களின் தொடக்கத்தில் அங்கே கும்பல்களின் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து தாய்மார்கள் பிள்ளைகளைக் குளியல் தொட்டியில் படுக்கவைத்தார்கள். ஆணையம் எடுத்த வழி, நீதிமன்ற ஆணை இல்லாமலே கதவைத் தட்டி அலமாரி, மெத்தை, இழுப்பறை என்று அலசுவது. 1994இல் மத்திய நீதிபதி ஒருவர் அதை நிறுத்தினார். உடனே அதிபர் கிளின்டனின் அரசு, சோதனைக்கு முன்கூட்டியே சம்மதிப்பதாக வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவைச் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னது. குடியிருந்தவர்களில் பலர் அந்தச் சோதனைகளை வரவேற்றார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது, அச்சம் அப்படிப்பட்டது.

எனக்கு இதில் தோன்றுவது ஒன்றுதான். சுட்டவர்களில் பலருடைய பெயர் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. ஒப்பந்தத்தின் வரிக்குக் கட்டுப்படுபவர், வரியின் அடியில் கோடிட்டுக்கொண்டு நூலகத்துக்கு வருகிற அந்தப் பெண்மணியைப் போன்றவர்தான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. செவிலி அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு, அந்தப் பெண்மணியிடம் ரிவால்வரில் குண்டு இருக்கிறதா என்று கேட்டேன். கணவர் இறந்ததிலிருந்து திறந்து பார்த்ததே இல்லை என்றார். வார இறுதிகளில் வந்து தங்கும் பேரனுக்கு அது இருப்பது தெரியுமா என்றும் கேட்டேன். அவனுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் எதுவுமில்லை என்று சிரித்தார். பேரன் சிறு பையன் அல்லன். இருபத்தாறு வயது, போதைப்பொருள் வழக்கில் இரண்டாண்டு சிறையில் இருந்து வந்தவன்.

பதில் 4 — சட்டம் பயின்றவன்

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு உடனடி ஆபத்து கோடிட்ட அந்த வரியில் இல்லை. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். கையில் எடுக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இருப்பது தெரிந்து, எடுத்துக்கொள்ளும் நிலையில் இருந்தாலே அவர் வசம் இருந்ததாக வழக்குப் போட முடியும். அப்படி ஒரு வழக்கு வந்தால், ஆணையம் துப்பாக்கித் தடையைத் தொடவே வேண்டியதில்லை. வீட்டாரோ விருந்தினரோ செய்த போதைப்பொருள் குற்றத்துக்காக, அது தெரியாதிருந்த குடியிருப்பவரையும் வெளியேற்றலாம் என்று 2002இல் ரக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் எட்டுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது; பிறருடைய பாதுகாப்பை அச்சுறுத்தும் குற்றங்களுக்கும் ஒப்பந்தத்தில் இடமிருக்கிறது.

பேரனுக்குச் சாவியோ எண்ணோ தெரியாத இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். அல்லது ஒப்பந்தத்தின் அந்த வரி பற்றி ஒரு முடிவு தெரியும் வரை, ரிவால்வரைச் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய உறவினர் யாராவது இருந்தால், மாநில விதியைப் பார்த்து அவரிடம் ஒப்படைக்கட்டும். ஒப்பந்தத்தின் அந்த வரியை எதிர்ப்பதானால் ஊரிலுள்ள இலவசச் சட்ட உதவி அலுவலகத்தை முதலில் அணுகட்டும். ஆணையத்துக்குத் தாமாகக் கடிதம் எழுதி, வீட்டில் ரிவால்வர் இருப்பதைத் தம் கையெழுத்தால் ஒப்புக்கொண்டுவிட வேண்டாம்.

பதில் 5 — வீடுதேடிச் செல்லும் செவிலி

பெட்டி வாங்கும் முன் குண்டுகளை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அவரே எடுக்க வேண்டாம். பல ஆண்டுகள் கிடந்த துப்பாக்கியை, பழக்கமுள்ள ஒருவர் வந்து பார்க்கட்டும்.