ஐபி முகவரி லொக்கில் தலைகீழாக விழுகிறது: இதைத் தம்பிமாருக்கு எப்படி எழுதி வைப்பது?

வாவிக்கரை:
சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலை ரவுட்டருக்குச் சின்ன நெட்ஃபில்டர் (லினக்ஸ் கேர்னலுக்குள் பக்கெட்டுகளைப் பார்க்கும் பகுதி) மொடியூல் எழுதினேன். பக்கெட் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று கேர்னல் லொக்கில் ஒரு வரி போட வேண்டும், அவ்வளவுதான். நெட்வேர்க்கில் இருக்கும் ஆலைத் தராசுக்கு 192.168.1.10 கொடுத்திருந்தேன். லொக்கில் 10.1.168.192 என்று விழுந்தது. கல்லடி வீட்டில் பழைய மிப்ஸ் ரவுட்டரில் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. அதனால் இரண்டு இரவு தராசையே சந்தேகப்பட்டேன்.

பிழை என்னுடையது. முகவரியை ஹோஸ்ட் வரிசைக்கு (அந்தப் புரொசஸர் பைட்டுகளை அடுக்கும் ஒழுங்குக்கு) மாற்றிவிட்டு, கேர்னல் லொக்கில் எழுதும் பிரிண்ட்கேயிடம் கொடுத்திருக்கிறேன். வீட்டு மிப்ஸ் பிக் எண்டியன் (பெரிய பைட் முதலில், நெட்வேர்க்கிலும் இதே ஒழுங்கு), அங்கே மாற்றினாலும் எதுவும் மாறாது. ஆலையில் இருப்பது லிட்டில் எண்டியன் (சின்ன பைட் முதலில்) ஏஆர்எம்.

புதிதாக வந்த இரண்டு தம்பிமாருக்கு, பிரிண்ட்கேயில் முகவரியை அச்சிடும் குறிகளை ஒரு பக்கத்தில் எழுதி வைக்கலாம் என்று பார்க்கிறேன். கேர்னல் ஆவணத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் குறி தெரிந்தவனுக்குத்தான் அது உதவும். எப்படி வரிசைப்படுத்தலாம்? (இங்கே குறிகளைத் தமிழில் எழுதுகிறேன். 'பெரிய ஐ' என்றால் கப்பிட்டல்.)

ஒலுவில் நானா:
தம்பி, குறியிலிருந்து தொடங்காதீங்க. கையில் என்ன வேரியபிள் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்க. ஹெடரில் இருந்து எடுத்த நாலு பைட்டா? %பி, பெரிய ஐ, 4. உங்களைப் போல மாற்றித் தொலைத்ததா? அதன் பின்னால் ஒரு சின்ன எச். சொக்கட் முகவரி ஸ்ட்ரக்சரா? %பி, பெரிய ஐ, பெரிய எஸ். வி4, வி6 இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும், போர்ட்டும் வேண்டுமென்றால் சின்ன பி. வி6-க்குக் கடைசியில் சி போட்டால் 2001:டிபி8::1 என்று சுருங்கும், இல்லாவிட்டால் பூச்சியம் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி: முகவரி எண்ணைக் கொடுக்கக் கூடாது, அது இருக்கும் இடத்தைக் கொடுக்க வேண்டும், முன்னால் & போட்டு. எண்ணைப் பொயின்டராக காஸ்ட் பண்ணி கொம்பைலரின் வாயை அடைத்தவன் ஊப்ஸில், அதாவது கேர்னல் பிழையில்தான் போய் விழுவான். ஐயும் 4-உம் மறந்து வெறும் %பி போட்டாலோ, கேர்னல் 4.15-இலிருந்து, உண்மையான பொயின்டரை மறைக்க ஹாஷ் பண்ணிய ஏதோ ஒரு எண்தான் கிடைக்கும்.

களுவாஞ்சி அக்கா:
சின்ன ஐயைச் சிவப்பில் எழுதுங்கள். அது 192.168.001.010 என்று அச்சிடும். லொக்கில் பத்தி நேராக நிற்கும், பார்க்க அழகுதான். அதை அப்படியே கொப்பி பண்ணி பிங் கொடுத்தேன், போனது 192.168.1.8-க்கு! முன்னால் பூச்சியம் இருந்தால் எண்ம எண் (எட்டை அடியாகக் கொண்டது, 010 என்றால் 8) என்று எடுத்துக்கொள்கிறது.

மெக் முகவரிக்கு (நெட்வேர்க் அட்டையின் முகவரி) பெரிய எம் போட்டால் இடையில் கோலன் வரும், சின்ன எம்மில் வராது. புளூடூத் முகவரி தலைகீழாக இருக்கும், அதற்குப் பெரிய எம்மோடு பெரிய ஆர்.

அப்புறம், இதெல்லாம் கேர்னலுக்கு உள்ளே மட்டும். சாதாரண பிரிண்ட்எஃப்பில் இதைப் போட்டால் பொயின்டர் எண்ணும், அதன் வாலில் ஐ4 என்ற எழுத்தும்தான் வரும். வெளியே அதற்கு ஐநெட்_என்டொப் என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

வாவிக்கரை:
நன்றி நானா, அக்கா. நானா சொன்ன ஒழுங்கிலேயே எழுதினேன். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் தராசின் முகவரி எப்படி அச்சாகும் என்றும் போட்டிருக்கிறேன், தலைகீழாக வந்ததையும் சேர்த்து. ஒரு தம்பி வாசித்துவிட்டு "& எதற்கு?" என்றான். அந்த வரியைத் திரும்ப எழுத வேண்டும்.

தராசுக்காரரிடம் "உங்கள் சாமான் பழுது" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். நாளைக்கு அங்கேதான் போக வேண்டும்.