இரவுப் பால் புட்டியை நிறுத்த வழி தெரியவில்லை

மகளுக்கு இரண்டரை வயது. மேல் முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு. இரண்டு மாதத்தில் ஒன்று பழுப்பாகிவிட்டது. வலியோ வீக்கமோ இல்லை.

பல் மருத்துவர் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு வார்னிஷ் பூசினார். புட்டியை வாயில் வைத்தபடியே தூங்குவதுதான் காரணம் என்றார். தூக்கத்தில் உமிழ்நீர் குறையும், பாலில் இயல்பாக உள்ள சர்க்கரை பல்லிலேயே தங்கும், கிருமிகள் அதை அமிலமாக்கும். நான் தனியாகச் சர்க்கரை சேர்த்ததே இல்லை, அதனால் பாதிக்காது என்று நம்பியிருந்தேன்.

ஜூஸ், பிஸ்கட் நிறுத்தியாச்சு. அரிசியளவு ஃபுளோரைடு பேஸ்ட்டில் தினம் இருமுறை தேய்த்துவிடுகிறேன். பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வந்தேன். மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். டம்ளரில் பகலில் குடிப்பாள், இரவில் தொடமாட்டாள். வெறும் தண்ணீர் கொடுத்தால் ஒரு மணி நேரம் அழுகை. அப்புறம் மனசு கேட்காமல் பாலையே கொடுத்துவிடுகிறேன்.

இந்த வயதில் இரவுப் புட்டியை நிறுத்தியவர்கள், அதற்குப் பதிலாக எதைப் பழக்கித் தூங்க வைத்தீர்கள்?