சனிக்கிழமை பேர்கர் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம், நான் மாடு சாப்பிடுவதில்லை. என்ன செய்வது?

வடமராட்சிப் பிள்ளை:
அண்ணாமார், அக்காமார், அவசரமாக ஒரு யோசனை வேண்டும். யாழ்ப்பாணத்து நெல்லியடியிலிருந்து மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்திருக்கிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் பாதிப்பேர் டெக்சாஸ்காரர், மற்றவர்கள் கலிபோர்னியாவிலிருந்து வந்தவர்கள். சாப்பாட்டு நேரம் வந்தால், பேர்கர் கடைகளில் சிறந்தது டெக்சாஸின் வட்டாபேர்கரா, கலிபோர்னியாவின் இன்-என்-அவுட்டா என்று ஒரே வாக்குவாதம். நேற்றுப் பேராசிரியர் என்னைக் காட்டி, “இவர் இரண்டு பக்கமும் சேராதவர், இவரே தீர்ப்புச் சொல்லட்டும்” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். சனிக்கிழமை இரண்டு கடைக்கும் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே, மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா கேள்விப்பட்டால் அழுவார். என் உதவித்தொகையோ பேராசிரியர் கையில். இரவில் நித்திரையே இல்லை.

ஸ்காபரோ மாமி:
பிள்ளை, பயப்படாதே. நான் ரொறன்ரோவில் வந்து இறங்கியது கொட்டும் பனியில். நிலக்கீழ் வீடொன்றில் பெண்கள் பலர் சேர்ந்து இருந்தோம். வேலைக்குப் போன தொழிற்சாலையில் மதியமானால் இறைச்சி வாசம் குமட்டும். பாணும் வாழைப்பழமும் தின்றே அந்தக் குளிர்காலம் போனது. ஒருநாள் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனேன். மேற்பார்வையாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தார். அன்றிலிருந்து உடுப்பு மாற்றும் அறையில் நின்றபடிதான் சாப்பிட்டேன். இப்போது இங்கே கொத்துறொட்டிக் கடையில் எல்லா இனத்தவரும் வரிசையில் நிற்கிறார்கள். அதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. நீ மரக்கறி மட்டுமே சாப்பிடுவேன் என்று சொல்லிவிடு. அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

லண்டன் வலிகாமத்தான்:
மாமி கோபிக்க வேண்டாம், அந்த யோசனை சரிவராது. இன்று மரக்கறி என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் மீன்குழம்பு கொண்டுபோனால் பிள்ளையின் சொல்லுக்கு என்ன மதிப்பு? ஒவ்வாமை என்றும் சொல்ல வேண்டாம். அங்குள்ள கடைகளில் அதை உயிர்ப் பிரச்சினையாக எடுப்பார்கள், பேராசிரியரும் பதறிப்போவார். சமய வழக்கம், மாடு சாப்பிடுவதில்லை. இவ்வளவு சொன்னால் போதும்.

உருளைக்கிழங்குப் பொரியலிலும், அதுதான் பிரெஞ்ச் ஃப்ரைஸிலும், கவனமாக இரு தங்கச்சி. அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் 1990இல் மாட்டுக்கொழுப்பைக் கைவிட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியது. பொரியலில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்ந்திருப்பது பிறகுதான் வெளியே வந்தது. இந்துக்களும் மரக்கறி உண்பவர்களும் வழக்குப் போட்டார்கள், 2002இல் நிறுவனம் ஒரு கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. அந்தச் சுவையூட்டி அங்கே இன்னும் சேர்மானப் பட்டியலில் இருக்கிறது. லண்டனில் அதே நிறுவனத்தின் பொரியலில் அது கிடையாது. ஸ்டேக் அன் ஷேக் என்ற இன்னொரு நிறுவனம் 2025இல் மாட்டுக்கொழுப்புக்கே திரும்பிவிட்டது. ஆகவே கடைக்குக் கடை, நாட்டுக்கு நாடு விசாரித்துத்தான் வாயில் வைக்க வேண்டும்.

ஹூஸ்டன்வாசி:
தீர்ப்பில் சந்தேகம் எதற்கு? வட்டாபேர்கர்தான். 1950இல் கோர்ப்பஸ் கிறிஸ்டியில் சிறு கடையாகத் தொடங்கியது. இரண்டு கையாலும் பிடித்துத் தின்னவேண்டிய அளவில் பேர்கர் இருக்கவேண்டும் என்பதே தொடங்கியவரின் எண்ணம். 2001இல் டெக்சாஸ் சட்டசபையே அதை மாநிலத்தின் பொக்கிஷம் என்று கௌரவித்தது. 2019இல் சிக்காகோ நிறுவனமொன்று பெரும்பங்கை வாங்கியபோது இங்குள்ளவர்கள் செத்தவீடு கண்டவர்கள் மாதிரி இருந்தார்கள். நான் இங்கு வந்த புதிதில் இரவு வேலை. நடுச்சாமத்தில் வேறு எந்தக் கடையும் திறந்திருக்காது. செம்மஞ்சளும் வெள்ளையும் கோடு போட்ட அந்தக் கூரைக்குக் கீழேதான் எனக்குச் சூடான சாப்பாடு கிடைத்தது. அந்த நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது.

சான் ஹோசே அண்ணன்:
தம்பி, நன்றி வேறு, ருசி வேறு. இன்-என்-அவுட் 1948இல் கலிபோர்னியாவின் பால்ட்வின் பார்க்கில் தொடங்கிய குடும்பக் கடை. உறைபெட்டியும் நுண்ணலை அடுப்பும் அவர்களுடைய கடைகளில் கிடையாது. முழுக் கிழங்கை அச்சில் வைத்து ஒரே இழுப்பில் நறுக்குவதை நாங்கள் நின்று பார்க்கலாம். நறுக்கியது அப்படியே எண்ணெய்க்குள் போகிறது. 2011இல் டெக்சாஸுக்குப் போய் பிரிஸ்கோவிலும் அலனிலும் முதற்கடைகளைத் திறந்தார்கள். இறைச்சி உறையாமல் வந்துசேர வேண்டும் என்பதற்காக டாலஸிலேயே தனி ஆலை கட்டினார்கள். ஒரு பேர்கருக்கு இவ்வளவு பாடுபடுகிறவர்களை மதிக்காமல் இருக்கமுடியாது.

ஹூஸ்டன்வாசி:
அண்ணா, அந்தப் பொரியல் ஐந்து நிமிடத்தில் வதங்கிவிடுகிறது. அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

சான் ஹோசே அண்ணன்:
நன்றாக முறுகப் பொரித்துத் தாருங்கள் என்று கேட்டால் தருவார்கள். கேட்டு வாங்குவதில் என்ன குறை?

சிட்னி தென்மராட்சியான்:
டெக்சாஸையும் கலிபோர்னியாவையும் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. பேர்கர் முதலில் எங்கே பிறந்தது என்பதில்கூட அங்கே டெக்சாஸின் ஏதென்ஸ், கனெக்டிகட்டின் நியூ ஹேவன், விஸ்கான்சினின் சீமோர் என்று பல ஊர்கள் உரிமை கேட்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு மணிநேர பஸ் ஓட்டத்துக்குள் எத்தனை சண்டை! பலாப்பழமும் மாம்பழமும் என்றால் எங்கள் தென்மராட்சியின் சாவகச்சேரி. இதை வலிகாமத்தார் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். நீர்வேலி வாழைக்குலையைக் கொண்டுவந்து காட்டுவார்கள்.

லண்டன் வலிகாமத்தான்:
காட்டத்தான் செய்வோம். நீர்வேலிக் கதலியை உரித்தவனுக்கு வேறு சாட்சி வேண்டாம். செம்மண்ணில் விளைந்த மரக்கறிக்குச் சுன்னாகம் சந்தையை விட்டால் வேறு சந்தை எது?

பாரிஸ் தீவகத்தான்:
கூழைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றினால் மட்டும் கூழ் ஆகாது. மீன், நண்டு, இறால், கணவாய் எல்லாம் அன்று காலை கடலில் இருந்திருக்க வேண்டும். பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய், முருங்கையிலை எல்லாம் வெந்து, புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்ந்து, கடைசியாக மாவு விழவேண்டும். பிலாவிலையைக் கோலி ஊதி ஊதிக் குடிக்கும்போது மூக்கால் தண்ணீர் வரவேண்டும். இதைத் தீவுப்பகுதி ஆட்களைவிட யார் காய்ச்சுவார்கள்? இங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒடியல் மா வாங்கப் போனால் ஒரு சின்னப் பைக்குச் சொல்கிற விலையைக் கேட்டு வாங்காமலே திரும்பி வருகிறேன். அதுவும் பழைய மா, கைப்புப் போகாத மா.

ஸ்காபரோ மாமி:
விலையைச் சொல்லாதீர்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் என்று சொல்லி இங்கே விற்பதெல்லாம் கறுத்தக்கொழும்பானா? ரோல்ஸ் வரவர விரல் அளவுக்கு வந்துவிட்டது. உள்ளே கிழங்குதான், இறைச்சியைத் தேட வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கோ அதுவும் வேண்டாம், பீட்சா வேண்டும்.

பருத்தித்துறையிலிருந்து:
நான் ஊரில்தான் இருக்கிறேன். நம்முடைய வடையை விட்டுவிட்டீர்கள். உளுந்தும் மாவும் பெருஞ்சீரகமும் இடித்த மிளகாயும் கறிவேப்பிலையும் சேர்த்துக் குழைத்து, எண்ணெய் தடவிய தாளில் வைத்து விரலால் மெல்லியதாகத் தட்டி, பொன்னிறத்தில் முறுகப் பொரித்தெடுப்பது பருத்தித்துறை வடை. நாட்கணக்கில் கெடாது. வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் பெட்டியில் அது இல்லாமல் இராது. ஓடக்கரைத் தோசைக்கு இன்றும் ஆட்கள் தேடி வருகிறார்கள். பிள்ளை, நீ இந்த மண்ணின் பிள்ளை. சாப்பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது.

டாலஸ் அக்கா:
பேச்சில் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டோம், பிள்ளை சனிக்கிழமையை நினைத்துக்கொண்டு இருக்கிறாள். தங்கச்சி, மூன்று விஷயம் சொல். எந்த நகரத்தில் இருக்கிறாய்? கோழி, மீன், முட்டை சாப்பிடுவாயா? மாட்டிறைச்சி பொரித்த தட்டில் சூடாக்கியதை உண்பாயா, அதுவும் வேண்டாமா? இது தெரியாமல் சொல்லும் யோசனை எதுவும் உனக்கு உதவாது.

வடமராட்சிப் பிள்ளை:
டாலஸுக்குப் பக்கத்தில் பிளேனோவில் இருக்கிறேன் அக்கா. கோழி, மீன், முட்டை எல்லாம் சாப்பிடுவேன். மாடு பட்ட தட்டு என்றால் மனம் ஒப்பாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வருகிற சனிக்கிழமை புரட்டாதிச் சனி. வீட்டில் எல்லாரும் விரதம். நானும் சின்ன வயதிலிருந்து பிடிக்கிறேன், இந்த வருடமும் பிடிக்கத்தான் இருக்கிறேன். அன்று கோழியும் தொடமுடியாது.

ஸ்காபரோ மாமி:
அட பிள்ளை, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு சொல்லியிருப்பேன். சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றுகிற நாளில் எந்தக் கடை வாசலுக்கும் போகவேண்டாம்.

டாலஸ் அக்கா:
அப்படியென்றால் முதல் வேலை நாளை மாற்றுவது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு கடையும் திறந்திருக்கும். ஞாயிறு பூட்டுகிற நிறுவனம் சிக்-ஃபில்-ஏ, அதை இவற்றோடு குழப்பிக்கொள்ளாதே. பேராசிரியருக்கு இன்றிரவே எழுது. ஆய்வுகூடத்தில் எல்லார் முன்னாலும் சொல்லக் கூச்சமென்றால் மின்னஞ்சல் போதும். “என்னை நடுவராக்கியதற்கு நன்றி. சனிக்கிழமை எங்கள் சமயத்தில் விரத நாள், ஞாயிற்றுக்கு மாற்றமுடியுமா? நான் மாட்டிறைச்சி உண்பதில்லை, அதனால் பேர்கரைத் தவிர்த்து மற்றவற்றை ருசித்துத் தீர்ப்புச் சொல்கிறேன்.” இதற்குமேல் ஒரு வரியும் வேண்டாம். மன்னிப்புக் கேட்காதே, கேட்க எதுவும் இல்லை. இந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகங்களில் மாடு உண்ணாதவர்கள், பன்றி உண்ணாதவர்கள், ஒன்றுமே உண்ணாமல் நோன்பு இருப்பவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள். பேராசிரியருக்கு இது புதிதாக இருக்காது.

இனிச் சாப்பாடு. இன்-என்-அவுட்டில் கோழியும் இல்லை, மீனும் இல்லை. விலைப்பலகையில் எழுதியிராத கிறில்ட் சீஸ் ஒன்று கேட்டால் தருவார்கள். பணிஸுக்குள் உருக்கிய சீஸும் தக்காளியும் இலையும் இருக்கும். ஆனால் இறைச்சி வேகும் தட்டு பக்கத்திலேயே இருக்கிறது. உனக்கு மனம் ஒப்பாது என்றால் அதை விட்டுவிடு. பொரியலைச் சூரியகாந்தி எண்ணெயில் பொரிப்பதே அவர்கள் வழக்கம். அன்றைக்கும் அதே எண்ணெய்தானா என்று காசு கட்டுமுன் கேள். மஞ்சள் மிளகாய் காசில்லாமல் தருவார்கள், கேட்டு வாங்கு.

வட்டாபேர்கரில் உனக்குச் சிரமம் குறைவு. கோழி பேர்கர் இருக்கிறது. பொரித்த கோழி வேண்டுமென்றால், எந்த எண்ணெய், வேறு என்ன அதில் பொரிக்கிறார்கள் என்று அங்கும் கேள். காரமான கெச்சப் சின்னக் கிண்ணத்தில் தருவார்கள், அது நம் நாக்குக்குப் பிடிக்கும்.

நீதியாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு கடையிலும் உள்ள ஒரே மாதிரியானவற்றை எடு. பொரியல், மில்க் ஷேக், காரம். பொரியலை வாங்கியவுடன் ஒன்று தின், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று தின். ஹூஸ்டன் தம்பியும் சான் ஹோசே அண்ணாவும் பிடிக்கிற சண்டைக்கு அதில் முடிவு வந்துவிடும். இறைச்சியைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவேண்டாம், அதை அவர்களே தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்.

வடமராட்சிப் பிள்ளை:
எழுதி அனுப்பிவிட்டேன் அக்கா. கை நடுங்கியது. உடனே பதில் வந்தது. ஞாயிறு பத்தரைக்குப் புறப்படுவோம் என்றும், விரதம் பற்றித் தனக்கும் சொல்லவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அம்மா தந்துவிட்ட வடை இன்னும் இரண்டு பைகள் இருக்கின்றன. அவர்களுக்குக் கொண்டுபோகலாமா?

டாலஸ் அக்கா:
கொண்டுபோ. கடைக்குள் வைத்துப் பிரிக்காதே, காரில் கொடு. உறைப்பு என்று முதலே சொல்லிவிடு, தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொள். பத்தரைக்குப் புறப்பட்டால் வட்டாபேர்கரில் காலையுணவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அது இரவு பதினொன்றிலிருந்து காலை பதினொன்றுவரை. அதனால் முதலில் இன்-என்-அவுட்டுக்குப் போகச் சொல். அரிசி, உளுந்து, கறிவேப்பிலைக்குப் பிளேனோவிலும் பிரிஸ்கோவிலும் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. கார் இல்லையென்றால் ஆய்வுகூடத்தில் யாராவது திரும்பும் வழியில் இறக்கிவிடுவார்களா என்று அன்றே கேட்டுப் பார்.

பருத்தித்துறையிலிருந்து:
பிள்ளை, வடை முடிந்தால் அம்மாவிடம் சொல். அடுத்ததாக யார் அந்தப் பக்கம் வருகிறார்கள் என்று நான் விசாரிக்கிறேன்.